கவுன்சில் தண்ணீரும் வாட்டர் டைரக்டரேட்டும்: நியூ சவுத் வேல்ஸ் சிறுநகரத் தமிழர்கள் கேட்ட கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதிச் சிறுநகரம் ஒன்றில், உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ரீஜனல் விசாவில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பகுதியில் பெருகிவிட்டன. பொங்கல் விழாவுக்குப் போனாலும் பிள்ளைகளின் கிரிக்கெட் மைதானத்தில் நின்றாலும் தண்ணீரைப் பற்றி அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

வாட்டர் டைரக்டரேட் என்றால் அரசுத் துறைதானே?

இல்லை. பெயரில் 'இயக்குநரகம்' இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1998இல், சிட்னிக்கு வெளியே குடிநீரும் கழிவுநீரும் கவனிக்கும் கவுன்சில்கள் சேர்ந்து ஏற்படுத்திக்கொண்ட சங்கம் அது. லாப நோக்கமற்றது. கவுன்சில்கள் கட்டும் ஆண்டுச் சந்தாவில் நடக்கிறது. கவுன்சில்களில் வேலை பார்க்கும் பொறியாளர்களே அதன் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்.

அதற்கு ஒரு குழாய்கூடச் சொந்தமில்லை. உங்கள் பில்லில் அதன் பெயர் வராது. ஆனாலும் உங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீருக்குப் பின்னால் அதன் வேலை கொஞ்சம் இருக்கிறது.

சிட்னி வாட்டர் என்று அவ்வளவு பெரிய நிறுவனம் இருக்கும்போது கவுன்சில் எதற்காகத் தண்ணீர் தர வேண்டும்?

சிட்னி வாட்டரின் எல்லை சிட்னி, புளூ மவுண்டன்ஸ், இல்லவாரா ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. நியூகாஸில் பக்கம் ஹண்டர் வாட்டர் கவனிக்கிறது. இரண்டும் மாநில அரசுக்குச் சொந்தமானவை. அவற்றுக்கு வெளியே டப்போ, டாம்வொர்த், ஆரஞ்ச், ஆர்மிடேல் என்று ஊர் ஊராக, 1993ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் கவுன்சில்களே தண்ணீர் தருகின்றன. இப்படி ஏறத்தாழ 90 அமைப்புகள் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குத் தண்ணீர் தருகின்றன.

சில இடங்களில் பல கவுன்சில்கள் கூடி, தண்ணீருக்கென்றே தனியாக ஒரு 'கவுண்டி கவுன்சில்' வைத்திருக்கின்றன. வாகா வாகாவில் இருப்பவர்களுக்கு ரிவரினா வாட்டர் என்ற பெயரில் பில் வருவதும் லிஸ்மோர், பைரன், பாலினா ஊர்களுக்கு ரவுஸ் கவுண்டி கவுன்சில் மொத்தமாக நீர் வழங்குவதும் இந்த ஏற்பாட்டில்தான். புரோக்கன் ஹில் விதிவிலக்கு. அங்கே அரசு மின் நிறுவனத்தின் கிளையான எசென்ஷியல் வாட்டர் கவனிக்கிறது.

நம் ஊர்க் குடிநீர் வடிகால் வாரியம் மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் வரும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் சட்டப்படி அமைந்த அரசு வாரியம். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அதுவே கட்டுகிறது. டைரக்டரேட் எதையும் கட்டுவதில்லை, நிதி ஒதுக்குவதில்லை, ஆணை போடுவதுமில்லை. நகராட்சிப் பொறியாளர்கள் எல்லாரும் சேர்ந்து, சந்தா கட்டி, தங்களுக்கென்று ஒரு தொழில்நுட்ப ஆலோசனை மன்றம் வைத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி.

அப்படியானால் அது என்னதான் செய்கிறது?

பெரிய நிறுவனத்தில் நுண்ணுயிரியலுக்கு ஒருவர், குழாய்க்கு ஒருவர், சட்டத்துக்கு ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள். சின்னக் கவுன்சிலில் தண்ணீர், கழிவுநீர், சில இடங்களில் சாலையும்கூட ஒரே பொறியாளரின் தலையில்தான். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு கவுன்சில் கற்றுக்கொண்டதை மற்ற கவுன்சில்களுக்கும் பயன்படும்படி எழுதிவைப்பதுதான் டைரக்டரேட்டின் முதல் வேலை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கோடையில் அணை நீரில் நீலப்பச்சைப் பாசி படரும். காலையில் கரைக்குப் போனால், பச்சைப் பெயின்டை யாரோ ஊற்றிவிட்டதுபோல நீரின் மேல் ஏடு கட்டியிருக்கும். எந்த ஆழத்திலிருந்து நீர் எடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாதிரி அனுப்புவது, எப்போது சுகாதாரத் துறையைக் கூப்பிடுவது என்றெல்லாம் அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. பாசியை எதிர்கொள்வதற்கென்று டைரக்டரேட் உறுப்பினர்களுக்காக எழுதிவைத்திருக்கும் வழிகாட்டிகள் அப்போதுதான் கைகொடுக்கும்.

இன்னொரு வேலை, அரசு புதிய விதியொன்றின் வரைவை வெளியிடும்போது, 'இது சிட்னிக்குச் சரி, மூவாயிரம் பேர் வாழும் ஊரில் நடக்காது' என்று காரணத்தோடு எழுதிக் கொடுப்பது. தனியொரு கவுன்சில் எழுதினால் கேட்காத காதும் எல்லாரும் சேர்ந்து எழுதினால் கேட்கும். மாநாடு, பயிற்சி எல்லாமும் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு ஊரின் பொறியாளர் இன்னோர் ஊரின் பொறியாளரைத் தயக்கமில்லாமல் போனில் கூப்பிடும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் பெரிய பயன்.

குழாய்த் தண்ணீரில் மண் வாசனை அடிக்கிறது. குடிக்கலாமா? டைரக்டரேட்டுக்கு எழுதலாமா?

பெரும்பாலும் அது ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையும் அதுதான். பாசியும் சில நுண்ணுயிர்களும் அதை வெளிவிடும். லிட்டருக்கு வெறும் 10 நானோகிராம் இருந்தாலே பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். ஜியோஸ்மினால் உடம்புக்குத் தீங்கில்லை. நிலையத்தில் கரித்தூள் கலந்து அதைக் குறைப்போம்.

ஆனாலும் கவுன்சிலுக்கு உடனே போன் செய்யுங்கள். 'யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் தெருவில், எந்த நாளில் வாசனை தொடங்கியது என்பது எங்களுக்குப் பெரிய துப்பு. டைரக்டரேட்டுக்கு எழுதிப் பயனில்லை. பொதுமக்களின் புகாரை விசாரிக்கும் இடம் அது அல்ல. கவுன்சில் சரியாகப் பதில் தரவில்லை என்றால், அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் மாநில ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் ஃபில்டர் இருக்கிறதே, போதாதா?

போதாது. ஜக்கில் வைக்கும் ஃபில்டரும் ஃபிரிட்ஜில் இருக்கும் ஃபில்டரும் சுவைக்காகச் செய்தவை. கிருமியைத் தடுக்கும் என்று அவற்றை நம்பக் கூடாது. தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். தானாக அணையும் மின்கெட்டில் போதும். குடிக்க மட்டுமல்ல, பல் துலக்கவும், காய்கறி கழுவவும், குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும், ஐஸ் கட்டி போடவும் அந்த நீர்தான்.

இந்த அறிவிப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கலங்கல் அல்லது குளோரின் குறைவு. கலங்கிய நீரில் கிருமிகள் மண்துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், குளோரின் அவற்றைத் தொடாது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணியோ குளோரினுக்கே அஞ்சாது. வடக்கே டென்டர்ஃபீல்டில் அக்டோபர் 2019இல், வறட்சியும் புதர்த்தீயும் ஒன்றாகத் தாக்கியபோது வந்த கொதிநீர் அறிவிப்பு பல வாரங்கள் நீடித்தது. சிட்னிக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1998இல் அங்கே கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா கண்டறியப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மேலே சொன்ன நீலப்பச்சைப் பாசியின் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பாசிக்காக அறிவிப்பு வந்தால் அதில் எழுதியிருப்பதை வரிக்கு வரி படியுங்கள்.

வீடு கட்ட மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். இணைப்பே வாங்காத மனைக்கு எப்படித் தண்ணீர் பில் வந்தது?

பலரும் இதைத் தவறு என்று நினைத்துக் கட்டாமல் விட்டு, வட்டியோடு கட்டுகிறார்கள். தவறில்லை, சட்டமே அப்படித்தான். உள்ளாட்சிச் சட்டத்தின் 552ஆம் பிரிவின்படி, கவுன்சிலின் தண்ணீர்க் குழாயிலிருந்து 225 மீட்டருக்குள் மனை இருந்தால், இணைப்பு வாங்காவிட்டாலும் குடிநீர்க் கட்டணம் விதிக்கலாம். கழிவுநீர்க் குழாய்க்கு அந்தத் தூரம் 75 மீட்டர். குழாய் உங்கள் மனை வரைக்கும் காத்திருப்பதற்கும் பராமரிப்புச் செலவு இருக்கிறது என்பதே அதன் நியாயம். மனை வாங்கும் முன்னரே வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கடை திறக்கப் போனால் 64ஆம் பிரிவுக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். இதை டைரக்டரேட்தான் நிர்ணயிக்கிறதா?

தொகையை நிர்ணயிப்பது உங்கள் கவுன்சில். அளவுகோலைத்தான் டைரக்டரேட் தருகிறது. புதிதாக வரும் ஒவ்வொரு கட்டடமும் ஊரின் அணை, நிலையம், குழாய் எல்லாவற்றின் மீதும் கூடுதல் சுமை ஏற்றுகிறது. ஒரு தனி வீடு ஏற்றும் சுமையை ஓர் அலகாக வைத்து, மோட்டல் அறைக்கு இத்தனை பங்கு, பள்ளிக்கு இத்தனை, உணவகத்துக்கு இத்தனை என்று டைரக்டரேட் ஒரு வழிகாட்டிப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. பல கவுன்சில்கள் அதையே பின்பற்றுகின்றன. அலகு ஒன்றுக்கு எத்தனை டாலர் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

என் நண்பர் ஒருவர் துணிக்கடை இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்து இட்லிக்கடை தொடங்கினார். பழைய துணிக்கடைக்கு இருந்தது ஒரே ஒரு கைகழுவும் தொட்டி. இவருக்கோ மாவரைக்க, பாத்திரம் கழுவ, நாற்பது பேர் கைகழுவ நீர் வேண்டும். பழைய பயன்பாட்டின் அலகைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கட்டணம். அந்தத் தள்ளுபடியைத் தந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், கணக்கை எழுத்தில் வாங்குங்கள். இதோடு, எண்ணெய்க் கழிவு சாக்கடையில் போய் அடைக்காமல் இருக்க கிரீஸ் டிராப் வைக்கச் சொல்வார்கள். அதற்கு 68ஆம் பிரிவின்கீழ்த் தனி அனுமதி வேண்டும். குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் இரண்டையும் விசாரித்துவிட்டால் பிறகு கலங்க வேண்டியதில்லை.

எங்கள் பில் சிட்னியைவிட ஏன் கூடுதல்? கேட்பார் இல்லையா?

சிட்னி வாட்டருக்கும் ஹண்டர் வாட்டருக்கும் விலை வைப்பது ஐபார்ட் என்ற சுயேச்சையான தீர்ப்பாயம். சென்ட்ரல் கோஸ்ட் நீங்கலாக, கவுன்சில்களின் தண்ணீர் விலை அங்கே போவதில்லை. கவுன்சிலே விலை வைத்து, ஆண்டுத் திட்டத்தின் வரைவில் போட்டு, 28 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கிறது. கேட்பார் யார் என்றால் நீங்கள்தான். அந்த 28 நாளில் ஆட்சேபம் எழுதுபவர்கள் எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரு கடிதமாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

விலை கூடுவதற்கு முதற்காரணம், கட்டணம் கட்டும் வீடுகள் குறைவு. முந்நூறு வீடுள்ள ஊருக்கும் முழுதாக ஒரு நிலையம் வேண்டும், ஆய்வு வேண்டும், இரவில் எழுந்து ஓட ஓர் ஆள் வேண்டும். ஆனால் தண்ணீருக்காக வாங்கிய பணத்தைக் கவுன்சில் சாலை போட எடுத்துவிடுகிறது என்ற பேச்சு தவறானது. 409ஆம் பிரிவின்படி அது தனிக்கணக்கு, தண்ணீருக்கே செலவிட வேண்டும். வரம்புக்குட்பட்ட ஈவுத்தொகை மட்டும் நிபந்தனைகளோடு எடுக்கலாம்.

வீட்டில் ஓய்வூதிய அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் பெயரில் சொத்து இருந்தால், ஆண்டுக்குத் தண்ணீரில் 87.50 டாலர், கழிவுநீரில் 87.50 டாலர் வரை சலுகை உண்டு. அந்தத் தொகை பல பத்தாண்டுகளாக உயர்த்தப்படவில்லை. உயர்த்தியாக வேண்டும்.

வறட்சி வந்து ஊர் காய்ந்தபோது இவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?

கோபம் நியாயமானது. 2017 முதல் 2020 தொடக்கம் வரை நீடித்த அந்த வறட்சியில், டப்போவுக்கு நீர் தரும் பரண்டாங் அணை 2 சதவீதத்துக்கும் கீழே போனது. டாம்வொர்த்தின் சாஃபி அணை 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, வீட்டுக்கு வெளியே நீர் ஊற்றவே தடை வந்தது. குளிக்கும் நீரை வாளியில் பிடித்து ரோஜாச்செடிக்கு ஊற்றிய கதையை எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இன்னும் சொல்வார். அந்த வாளியைக் குளியலறையிலிருந்து அவர் இன்றுவரை எடுக்கவில்லை.

கவுன்சில்கள் உறங்கவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டின, அவசரக் குழாய் பதித்தன. அதற்கு முந்தைய வறட்சியில் பாடம் கற்ற ஆரஞ்ச் நகரம் 2009லேயே தெருவில் ஓடும் மழைநீரைப் பிடித்துக் குடிநீராக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. குறை வேறோர் இடத்திலும் இருந்தது. மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் செப்டம்பர் 2020இல் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 2014 முதல் அரசுத் துறை சிறுநகரங்களின் நீர்த் திட்டமிடலுக்குப் போதிய துணையும் தரவில்லை, மேற்பார்வையும் செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. சங்கத்தின் வழியாகக் கவுன்சில்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்த குறைகளுக்கு அதனால் வலுக் கிடைத்தது. அதன்பின் ஆபத்துக் குறைப்புத் திட்டம் ஒன்று வந்தது, ஜூலை 2022இல் புதிய ஒழுங்குமுறைச் சட்டகம் நடைமுறைக்கு வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் திட்டம் எழுதச் சொல்லும் வழக்கம் அதில் தளர்ந்தது. இது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து.

சின்னக் கவுன்சில்களை எல்லாம் ஒன்றாக இணைத்துவிட்டால் சரியாகிவிடாதா?

இதை அரசே கேட்டுப் பார்த்தது. 2008இல் சுயேச்சையான விசாரணைக் குழுவொன்று, அப்போதிருந்த 104 அமைப்புகளை 32 குழுக்களாக்கச் சொன்னது. அப்படியே நடக்கவில்லை. பின்னர் 2016இல் கவுன்சில்கள் சில இணைக்கப்பட்டதால் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது.

சிட்னியில் இணைத்தால் குழாய்களும் இணையும். இங்கே ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் எண்பது, நூறு கிலோமீட்டர் வெறும் கோதுமை வயல். இணைத்தாலும் அதே நிலையங்கள், அதே ஆற்றங்கரைகள். மேலாளர் மட்டும் தொலைவுக்குப் போய்விடுவார். குழாய் உடைந்தால் தெருவில் பார்த்துக் கேட்க முடிகிற கவுன்சிலர் இருப்பதை நான் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறேன். அறிவையும் ஆய்வகத்தையும் கொள்முதலையும் பகிர்ந்துகொண்டு, பொறுப்பை ஊரிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது. மிகச் சிறிய ஊர்களுக்கு அதுவும் போதாது. அங்கே அடிப்படைத் தரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு ஆண்டுதோறும் ஏற்க வேண்டும்.

கவுன்சில்களின் சந்தாவில் நடக்கும் சங்கம் கவுன்சிலின் தவறை எப்படிச் சொல்லும்?

சொல்லாது. அது அதன் வேலையும் அல்ல. நிலையம் கட்டுவதற்கு 60ஆம் பிரிவின்கீழ் ஒப்புதல் தருவது நீர்த்துறை. தண்ணீரின் தரத்தைக் கண்காணிப்பது மாநிலச் சுகாதாரத் துறை. 2010ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் தர உறுதித் திட்டம் வைத்திருக்க வேண்டும். கழிவுநீர் ஆற்றில் விடுவதற்கு உரிமம் தருவது சுற்றுச்சூழல் ஆணையம். தண்டிக்கும் கை அவர்களுடையது.

ஆனால் விதிக்குள் இருந்தும் மக்களுக்குத் திருப்தி இல்லாத இடங்கள் உண்டு. வடமேற்கில் வால்கெட் என்ற ஊரில், ஆறு வற்றியபோது ஆழ்துளைக் கிணற்று நீர் குழாயில் வந்தது. அதில் சோடியம், ஆஸ்திரேலியக் குடிநீர் வழிகாட்டி சொல்லும் லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டியது. அந்த எண் சுவைக்காக வைத்த எல்லை, உடல்நலத்துக்கென்று எல்லை வகுக்கப்படவில்லை. ஆனால் அதே வழிகாட்டி, கடும் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் 20 மில்லிகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறது. அங்கே வாழும் பழங்குடி மூத்தவர்கள் விடாமல் குரல் கொடுத்ததால்தான் வெளியுலகுக்கு அது தெரிந்தது. சங்கமோ வழிகாட்டியோ அந்தக் குரலுக்கு ஈடாகாது.

இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் வரலாமா?

தாராளமாக. எங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. டேஃப் என்ற அரசுத் தொழிற்கல்லூரியில் நீர்த்துறைக்கான மூன்றாம் நிலைச் சான்றிதழை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஊரில் சிவில், கெமிக்கல் படித்தவர்கள் பலர் இங்கே கடையில் நிற்கிறார்கள். அவர்கள் கவுன்சிலின் வேலை விளம்பரங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், புயல்மழை பெய்த மறுநாள் காலையில் வந்து பாருங்கள் என்பேன். ஆற்றுநீர் புளிக்கரைசல் நிறத்தில் வரும். ஆறு கண்ணாடிக் குவளைகளில் அதை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரக் கரைசலை வேறுவேறு அளவில் விட்டு, துடுப்புகளைச் சுழலவிடுவோம். நம் பாட்டிகள் கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்த அதே காத்திருப்பு. பத்து நிமிடத்தில் ஒரு குவளையில் பஞ்சுத் துணுக்குபோலத் திரண்டு அடியில் இறங்கும், மேலே நீர் தெளியும். நான்காம் குவளையா, ஐந்தாம் குவளையா என்று குனிந்து பார்த்து, அந்த அளவைக் குறித்துக்கொண்டு பம்பைத் திருப்பிவிட்டு வருவோம்.